இன்னாசியின் பெயருக்குள் போன ஊர்

சந்தனமுனை ஊர் மொத்தமும் இன்னாசி டி'குரூஸின் பெயருக்குள் போய்விட்ட காலையில் நல்ல வெயில் அடித்தது, கடல் சாதுவாகக் கிடந்தது, ஏலக்கூடத்தில் சாளை மீன் மலையாகக் குவிந்திருந்தது, ஆகவே நடந்ததைக் கவனிக்க ஊரில் யாருக்கும் நேரமில்லை. கவனித்த ஒரே ஆள் கோகிலவாணி. தாராபுரத்துப் பெண். கடலைச் சந்தனமுனைக்கு வந்துதான் முதன்முதலாக நேரில் பார்த்தாள், பார்த்த அன்றைக்கு அவளுக்குத் தலை சுற்றியது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புதிதாக ஒரு கணினி வந்திருந்தது. அதில் ஊராரின் பெயர்களை ஏற்றிவிட்டால், மீன் வர வர அதுவே ஒலிபெருக்கியில் ஆளைக் கூப்பிடும். தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. அந்த வேலைக்காகத்தான் அவளுடைய கம்பெனி அவளை அனுப்பியிருந்தது.

அந்த ஊரில் பாதிக் குடும்பங்களுக்குப் பெயரின் நடுவில் ஒரு கொக்கி உண்டு. டி'குரூஸ், டி'ரோஸ், டி'கோஸ்தா. என்றோ கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போன பெயர்கள்; கப்பல்காரர்கள் போய்விட்டார்கள், கொக்கி தங்கிவிட்டது. அதைச் சந்தனமுனைக்காரர்கள் வெறும் எழுத்துப் புள்ளியாக நினைப்பதில்லை. ஞானஸ்நானத்தின்போது பங்குச் சாமியார் 'டி' என்று சொல்லி மூச்சை நிறுத்துவார், ஞானத்தகப்பன் பிள்ளையின் காதருகே கையைக் கொண்டுபோய் ஒரு சொடுக்குப் போடுவார், அதற்குப் பிறகுதான் 'குரூஸ்' வரும். சொடுக்கு சரியாக விழவில்லை என்றால் எல்லாம் முதலிலிருந்து. கை வியர்த்துப்போய்ச் சொடுக்கு விழாமல், பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கி மறுபடி எழுந்து அழுத கதைகளெல்லாம் அங்கே நிறைய உண்டு.

சங்கத் தலைவி கித்தேரியம்மாளுக்கு அதில் கண்டிப்பு அதிகம். சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவள், ஆண்களை அதட்டியே குரல் கட்டிப்போனவள். அன்று காலை ஏலக்கூடத்து மாடியிலிருந்த சங்க அறையில் வாணியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, முதல் பெயராக ஐஸ் உடைக்கிற இன்னாசியின் பெயரைத்தான் ஏற்ற வேண்டும் என்றாள். ஐஸ் இல்லாமல் மீனேது.

"இன்னாசி டி..." என்று சொல்லிச் சொடுக்குப் போட்டாள். "...குரூஸ். அந்தக் கொக்கிய விட்றாத பிள்ள. முன்ன இருந்த கிளார்க்கு எல்லாத்துலயும் அத விட்டுட்டான். ரேசன் கார்டுல நாங்க பாதிப்பேரு வேற யாரோவாத்தான் கெடக்கோம்."

"கண்டிப்பாப் போடணுங்களாக்கா?"

"போடாட்டி அது அவன் பேரே இல்ல. சீக்கிரம் போடு, வள்ளமெல்லாம் கரையேறிட்டு."

இந்தக் 'சீக்கிரம்'தான் எல்லாவற்றுக்கும் காரணம். கணினிக்குப் பெயர் எது, கட்டளை எது என்று தானாகத் தெரியாது. ஒரு கொக்கியில் ஆரம்பித்து இன்னொரு கொக்கியில் முடிந்தால் அது பெயர். கொக்கிகளுக்கு வெளியே இருப்பதெல்லாம் கட்டளை, மறு பேச்சில்லாமல் செய்து முடிக்க வேண்டியது. ஆகவே விவரமானவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பிசைய மாட்டார்கள். கட்டளையை முதலில் அனுப்பி, பெயருக்கு ஓரிடத்தைக் காலியாக விட்டு, பெயரைப் பின்னால் தனியாக அனுப்புவார்கள், ஓட்டலில் சோறு தனி குழம்பு தனி என்று கட்டிக் கொடுக்கிற மாதிரி. வாணிக்கு இது தெரியாததல்ல, நன்றாகத் தெரியும். ஆனால் கித்தேரியம்மாள் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், வள்ளங்கள் வேறு வரிசையாக வந்துகொண்டிருந்தன, ஆகவே பெயரை எடுத்துக் கட்டளையின் நடுவிலேயே செருகி, முன்னால் ஒரு கொக்கி பின்னால் ஒரு கொக்கி போட்டு அனுப்பிவிட்டாள். இன்னாசியின் சொந்தக் கொக்கியைக் கண்டதும் பெயர் முடிந்துவிட்டது என்று கணினி நினைத்துக்கொண்டது. பிறகு குரூஸில் தடுக்கி விழுந்து எழுந்தது. அப்புறம் முடிப்பதற்காக வாணி போட்டிருந்த கடைசிக் கொக்கியைப் பார்த்து, ஓகோ இங்கே ஒரு பெயர் ஆரம்பிக்கிறது போலிருக்கிறது என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மூடுவதற்கு அதன் பிறகு கொக்கியே வரவில்லை.

திறந்த கதவுக்குள் முதலில் ஐஸ் உடைக்கிற மெஷின் போயிற்று. வாணி காலைப் பசிக்கு வாங்கிய பன்னை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் 'குரூஸ்' என்பதன் பின்னால் தானாக எழுத்துகள் ஓடத் தொடங்கின: ஐஸ் மெஷின், ஏலக்கூடம், அதன் தூண்கள், தூண்களில் சாய்ந்து நின்றவர்கள், ஏலம் விடுகிற ரொசாரி, மீன்காரிகள், அவர்களுடைய கூடைகள், காக்கைகள், பூவரசு மரம், ராயப்பன் பரோட்டாக் கடை, பள்ளிக்கூடம், சிலுவை நிற்கிற குருசடி, கோயில், கோயில் மணி, பங்குச் சாமியார் ஸ்தனிஸ்லாஸ், வாணியின் பின்னால் நின்றிருந்த கித்தேரியம்மாள், கடைசியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கடல். வாணியின் பெயர் மட்டும் வரவில்லை. எழுதுகிற கை காகிதத்துக்குள் போவதில்லை அல்லவா, அதுபோல அவள் மட்டும் வெளியே நின்றுவிட்டாள்.

கீழே ரொசாரி, "ஏ இன்னாசி, ஐஸ் எங்கடே?" என்று குரல் கொடுத்தான்.

"இந்தா வாரேன்" என்றது ஏலக்கூடம் முழுவதும். மீன்காரிகள் சொன்னார்கள், வலைக்காரர்கள் சொன்னார்கள், கூப்பிட்ட ரொசாரியும் சொன்னான், பூவரசு மரத்துக் காக்கைகள் தலையைத் திருப்பின. இன்னாசி மட்டும் எதுவும் சொல்லாமல் ஒரு கூடை ஐஸைத் தூக்கிக்கொண்டு வந்தான், ஏனென்றால் அவன் பேசுகிற வழக்கமில்லாதவன்.

சந்தனமுனைக்காரர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளும் ஆட்களில்லை. புயலையும் கடல் அரிப்பையும் தேர்தலையும் பார்த்தவர்கள். ரெண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். இன்னாசிக்குக் கொட்டாவி வந்தால் ஊர் கொட்டாவி விட்டது. இன்னாசிக்கு விக்கல் எடுத்தால் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு விக்கி விக்கி நடந்தது. கல்யாணமாகாத தனிக்கட்டை, தேநீரும் வறட்டு ரொட்டியுமாகக் காலம் தள்ளுகிறவன், நாற்பதைத் தாண்டியும் கன்னத்தில் சதை கிடையாது. அவன் சாப்பிடாமல் விட்டால் ஊருக்கே கண்ணைக் கட்டியது. ஆகவே வீட்டுக்கு வீடு போட்டி போட்டுக்கொண்டு மீன் குழம்பும் கணவாய் வறுவலும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்கள். அவன் ஒரு வாய் வைக்கும்போது கிழக்குத் தெருவில் ஏப்பம் கேட்டது. ராயப்பன், தன் கடைக்கு வருகிறவர்களெல்லாம் வயிறு நிறைந்தே வருகிறார்கள் என்று ரெண்டு நாள் புலம்பிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தானும் பரோட்டா கட்டிக்கொண்டு இன்னாசி வீட்டு வாசலில் நின்றான். சண்டை சச்சரவுகளும் ஓய்ந்தன. வேலித் தகராறில் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்த இரண்டு பங்காளிகளிடம், ஒரே பெயருக்குள் இருக்கிறவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் எப்படி வழக்குப் போட முடியும் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார், அவர்கள் அந்த வேலியிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

எல்லாருக்கும் சந்தோஷம், வாணியைத் தவிர. ஊரே ஏப்பம் விட்டபோது அவள் மட்டும் பசியோடு இருந்தாள். ஊரே விக்கியபோது அவள் தண்ணீரை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் நின்றாள். செய்த தப்பு ஒருபக்கம் உறுத்தியது, அதைவிட அதிகமாக, விருந்து வீட்டு வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற மாதிரி ஒரு வருத்தம் அவளுக்கு இருந்தது.

அப்புறம்தான் அந்த நெஞ்சுக் குதிப்பு தெரியவந்தது. தினமும் காலையில், ஏலம் சூடு பிடிக்கிற நேரத்தில், ஊரில் எல்லாருக்கும் நெஞ்சு ஒரு தடவை எகிறிக் குதித்தது. கரும்பலகையருகே நின்ற வாத்தியாரம்மாவுக்குக் குதித்தது, பூசையில் நின்ற சாமியாருக்குக் குதித்தது, தொட்டில் பிள்ளைகள் தூக்கத்தில் சிரித்தன. ஆஸ்பத்திரியில் வரிசை தெருவைத் தாண்டியது. நர்ஸம்மா ஒவ்வொருத்தர் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நோயில்ல, எனக்குந்தான் அப்படி இருக்கு, போங்க" என்று அனுப்பினாள்.

கித்தேரியம்மாள் அப்படி விடுகிற ஆளா? மறுநாள் காலையில் ஐஸ் மெஷினுக்கு எதிரே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர்களைக் கவனித்தாள். வள்ளக்காரர்கள் வந்தார்கள், ஒன்றுமில்லை. லாரிக்காரன் வந்தான், ஒன்றுமில்லை. பிரிஸ்காள் தலையில் கூடையோடு வந்து, "ஐஸு" என்றாள். கித்தேரியம்மாளின் நெஞ்சு பெட்டியிலிருந்தே அவளைத் தூக்கிப் போட்டது.

பிரிஸ்காள் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். புருஷன் கடலில் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. யாரிடமும் ஒரு சொல் கூடுதலாகப் பேச மாட்டாள். இன்னாசியிடம் அவள் இத்தனை வருஷத்தில் பேசிய ஒரே வார்த்தை 'ஐஸு'தான். இன்னாசி அதற்கும் பதில் சொன்னதில்லை. மற்றவர்களுக்கு ஐஸ் சட்டியால் ஒரு வாரு அள்ளிப் போட்டால் அவள் கூடையில் மட்டும் இன்னொரு வாரு கூடுதலாக விழும், அவ்வளவுதான்.

"அடப்பாவி!" என்று கித்தேரியம்மாள் எழுந்து நின்றாள். "இத்தன வருசமா ஐஸாவே பேசிட்டிருந்திருக்கான் பாரு! ஏல இன்னாசி, இவளுக்காகவாலே ஊரு பூரா நெஞ்சு வலின்னு அலையுது?"

இன்னாசி ஐஸ் சட்டியைக் கையில் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு முகம் சிவந்தது, ஏலக்கூடமே சிவந்தது. வெட்கத்தில் கடல்கூடக் கொஞ்ச நேரம் இளஞ்சிவப்பாக இருந்தது என்று லாரிக்காரன் போகிற ஊரிலெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்.

ஊர் சும்மா இருக்குமா? அன்று சாயங்காலமே தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு, கித்தேரியம்மாள் தலைமையில் பிரிஸ்காள் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். வாணியும் கூடப் போனாள். பிரிஸ்காள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தட்டை வாங்கவில்லை.

"மயினி, நான் ஒண்ணு கேக்கேன்" என்றாள். அவள் அத்தனை பேசி யாரும் கேட்டதில்லை. "அவரப் பாக்கப் போகையில எனக்கும் நெஞ்சு குதிக்கத்தான் செய்யுது. ஆனா உங்களுக்கும் குதிக்கு. ரொசாரி அண்ணனுக்கும் குதிக்கு. அந்தா, ராயப்பன் கடை நாய்க்கும் குதிக்கு. இது என் நெஞ்சா, அவரு நெஞ்சான்னு தெரியாம நான் எப்பிடிச் சம்மதஞ் சொல்லுவேன்? ஒரு தடவ எனக்குன்னு ஒரு ஆளு இருந்து, அவரக் கடலு கொண்டு போச்சு. இன்னொரு தடவன்னா, அது நான் எடுத்த முடிவா இருக்கணும்."

பங்குச் சாமியார் ஸ்தனிஸ்லாஸ் மெதுவாகத் தொண்டையைச் செருமி, ஒருத்தன் தன் பெயருக்குள் இருக்கிற பெண்ணையே கட்டுவதற்குத் திருச்சபைச் சட்டத்தில் வழியிருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொல்லி வைத்தார். பிரிஸ்காள் கூட்டத்தைத் தாண்டி நேராக வாணியைப் பார்த்தாள்.

"நீதான பிள்ள உள்ள போட்டது? என்னைய வெளிய எடு."

"எடுத்தர்றேனுங்க்கா" என்றாள் வாணி.

அவள் முதலில் செய்த காரியம், அவசரக்காரர்கள் எல்லாரும் முதலில் செய்கிற காரியம்: கொக்கியால்தானே வம்பு என்று இன்னாசியின் பெயரிலிருந்து கொக்கியையே அழித்தாள். அழித்த நொடியில் சந்தனமுனையில் இருந்த தூண்டில் முள்ளெல்லாம் நிமிர்ந்துகொண்டன. கடலில் இருந்தவர்களின் தூண்டிலிலிருந்து மீன்கள் நழுவிப் போயின, வீடுகளில் வளைந்த ஆணியில் மாட்டியிருந்த சட்டைகள் தரையில் விழுந்தன, வாத்தியாரம்மாவின் குடைக் காம்பு நேராகிப்போனது, பூனைகள் நகமில்லாமல் மதிலிலிருந்து சறுக்கின. ஊர் அப்படியே பெயருக்குள்தான் இருந்தது. இன்னாசி மாடி ஏறி வந்தான். வாசலில் நின்று, மிகுந்த சிரமப்பட்டு, "அது எங்கம்மா வச்ச பேரு இல்ல" என்றான். அவன் குரலை வாணி அன்றைக்குத்தான் கேட்டாள். கொக்கியை மறுபடி போட்டாள். கீழே ஆணிகள் ஒவ்வொன்றாக வளைகிற சத்தம் கேட்டது.

பிறகுதான் அவள் நிதானமாக உட்கார்ந்து யோசித்தாள். எதையும் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. திறந்த கதவு மூடவில்லை, அவ்வளவுதான். குரூஸுக்குப் பின்னால் இன்னொரு கொக்கி விழுந்தால் பெயர் அங்கே முடிந்துவிடும், ஊர் மொத்தமும் வெளியே வந்துவிடும். ஆனால் அதில் ஒரு விபரீதம் இருந்தது. கொக்கிக்கு வெளியே இருப்பதெல்லாம் கட்டளை. ஊர் வெளியே வருகிற நேரத்திலிருந்து, கட்டளை இத்தோடு முடிந்தது என்று கணினிக்குச் சொல்கிற முடிவுச் சாவியை அவள் அழுத்துகிற வரைக்கும், யார் வாயிலிருந்து என்ன வந்தாலும் அது அப்படியே நடந்துவிடும்.

சந்தனமுனைக்காரர்களின் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் பயங்கரம் புரியும். அங்கே பாசத்திலும் திட்டுவார்கள். பெற்ற பிள்ளையை 'நாசமாப் போறவனே, சாப்பிட வால' என்றுதான் கூப்பிடுவார்கள். 'ஒன்னக் கடலு கொண்டு போக' என்பது நலம் விசாரிப்பு. 'இடி விழ' என்பதற்கு ஆச்சரியம் என்று அர்த்தம்.

கித்தேரியம்மாளிடம் சொன்னபோது அவளே சற்று நேரம் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏட்டி, எங்க ஊரு வாய மூட மாதா வந்தாலும் முடியாதே" என்றாள். யோசனை அவளிடமிருந்து வரவில்லை, வாணியிடமிருந்தும் வரவில்லை. சாமியார் ஸ்தனிஸ்லாஸ் கோயிலைத் தருவதாகச் சொன்னார், அங்கேதான் ஊர் கொஞ்சமாவது அடங்கும் என்று. கேட்டுக்கொண்டிருந்த இன்னாசி போய்ப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்துவந்து, தன் வாயில் போட்டுக் காட்டினான். கன்னம் உப்ப அவன் நின்ற கோலத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் கதவுகளை மூடினார்கள். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கியாயிற்று. பீடத்துக்குக் கீழே ஒரு மேசை போட்டு வாணி கணினியோடு உட்கார்ந்தாள். இன்னாசி, வெள்ளை வேட்டி கட்டி, ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வந்தான். ஒவ்வொருத்தரும் வாயைத் திறக்க, ஒவ்வொரு துண்டாக வைத்தான். சாமியாருக்கு வைத்தான். கித்தேரியம்மாளுக்கு வைத்தான். ரொசாரிக்கு, ஊரிலேயே பெரிய வாய் என்பதால், இரண்டு வைத்தான். கைப்பிள்ளைகளுக்கு மட்டும் வைக்கவில்லை. அதுகள் சொல்வது நடந்தால் நடக்கட்டும் என்று விட்டார்கள். கடைசியாகப் பிரிஸ்காளிடம் வந்தான். அவள் வாயைத் திறந்தாள். அவன் கை வாளிக்குள் போயிற்று, பல வருஷப் பழக்கம், நினைக்காமலேயே இருப்பதில் பெரிய துண்டைத் தேடி எடுத்தது. அவள் கன்னம் ஒருபக்கம் பந்தாகப் புடைத்தது.

வாணி எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். குரூஸுக்குப் பின்னால் கொக்கியைப் போட்டாள். சாவி 'டக்' என்றது, சொடுக்கு விழுந்த மாதிரியே இருந்தது.

ஊர் வெளியே வரத் தொடங்கியது. திரையில் எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று போக, கடல் முதலில் தன் பாட்டுக்குப் புரண்டு படுத்தது, கோயில் மணி தானாக ஒருமுறை முனகியது, பிறகு மனிதர்கள் வந்தார்கள். வருகிற ஒவ்வொருத்தரையும் வாணியால் முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது. தன் பசி தனக்குத் திரும்பிய ராயப்பன் வயிற்றைத் தடவிக்கொண்டான். வேலிப் பங்காளிகள் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துப் பார்த்து, பிறகு, முறைப்பதற்கு என்ன காரணம் என்று நினைவு வராமல் சிரித்தார்கள். யாரும் பேசவில்லை. ஆனால் வாய்களில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. வாத்தியாரம்மா விழுங்கினாள். சாமியார் விழுங்கினார். கித்தேரியம்மாள் விழுங்கிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ரொசாரிக்கு வைத்த இரண்டு துண்டும் போய்விட்டன. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தி, கண் பிதுங்க, காது வரைக்கும் சிவந்து, ஒரு 'இடி விழ'வைத் தொண்டையிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றான்.

கடைசியாகப் பிரிஸ்காள் வந்தாள். எதற்கும் அசையாதவள் நெஞ்சில் சட்டென்று கையை வைத்ததைக் கோயில் முழுவதும் பார்த்தது. அங்கே இப்போது இருப்பது அவளுடையது மட்டும். அது என்ன சொல்கிறது என்று அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்கிற மாதிரி. பீடத்தருகே காலி வாளியோடு இன்னாசி நின்றான். வெளியிலிருந்து யாருடைய சந்தோஷமும் அவனுக்குத் துணையாக இல்லை, அவன் பெயர் அவன் அளவுக்குச் சிறுத்துவிட்டிருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாரும் வெளியே வந்தாயிற்று. வாணி இப்போது முடிவுச் சாவியை அழுத்தியிருக்க வேண்டும். விரல் அதன்மேல்தான் இருந்தது. ரொசாரியின் கண்கள் அழுத்து அழுத்து என்று கெஞ்சின. அவள் அழுத்தவில்லை. ஏன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு அழுத்த மனம் வரவில்லை என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இல்லை.

பிரிஸ்காளின் கன்னத்துப் பந்து மெல்ல மெல்லச் சிறுத்தது. அது கரைகிற வரைக்கும் சந்தனமுனை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. பிறகு அவள் மிச்சத்தைக் கடித்து மென்று விழுங்கினாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். இன்னாசியை நேராகப் பார்த்து, அந்தக் கரையில் பெண்கள் கட்டின புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுகிற தொனியில், சத்தமாக, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"வாரும்."

இன்னாசி வந்தான். அவன் மட்டுமல்ல, எல்லாம் வந்தது. கோயில் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ள, கடல் படிக்கட்டு வரைக்கும் வந்து, விடப்பட்டிருந்த செருப்புகளை நனைத்து, மரியாதையாகத் திரும்பிப் போயிற்று. கரையில் நின்ற வள்ளங்கள் மணலில் வழுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வரிசை கட்டின. காலையில் காணாமல் போன ஆடு வந்தது. வருவேன் வருவேன் என்று வருஷக்கணக்காகப் போனில் சொல்லிக்கொண்டிருந்த ரொசாரியின் தம்பி, குவைத்தில் எந்த மெஷினுக்கு அடியில் படுத்திருந்தானோ, கம்பெனி உடுப்போடும் கையில் ஸ்பானரோடும் கதவருகே வந்து நின்று முழித்தான். தாராபுரத்திலிருந்து வாணியின் அம்மா, இடுப்பில் செருகிய முந்தானையும் கையில் முறுக்குத் தூக்குமாக, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்கம்மணி, இதுதானா கடலு?" என்று கதவு வழியாகப் பார்த்துக் கேட்டாள்.

வாணி சாவியை அழுத்தினாள். ரொசாரியின் கைகள் விலகின. "இடி விழ!" என்று அவன் அலறினான், இடி விழவில்லை, கோயில் சிரிப்பில் அதிர்ந்தது. சாமியார், என்ன நடந்திருந்தாலும் கோயிலில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்காமல் கல்யாணம் கிடையாது என்று அந்த ஆரவாரத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார். இன்னாசியும் பிரிஸ்காளும் ஒருத்தரை ஒருத்தர் தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், காலி வாளியை இருவருமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஓலை முறைப்படி வாசிக்கப்பட்டது. அடுத்தடுத்த ஞாயிறுகளில், சாமியார் 'இன்னாசி டி' என்று சொல்லி மூச்சை நிறுத்தியபோது, சொடுக்குப் போட ஒருத்தர் போதும் என்பதை மறந்து கோயில் மொத்தமும் சொடுக்கியது. வாணி கணினியை உட்கார்ந்து திருத்தினாள். இப்போது கட்டளை முன்னால் போகிறது, பெயருக்கான இடம் காலியாகக் காத்திருக்கிறது, பெயர் பின்னால் தனியாகப் போய், எத்தனை கொக்கி இருந்தாலும், அங்கே பெயராக மட்டும் உட்கார்ந்துகொள்கிறது. யாரும் அவளைச் சீக்கிரம் என்று சொல்லவில்லை. டி'ரோஸ்கள் போனார்கள், டி'கோஸ்தாக்கள் போனார்கள், தூண்டிலெல்லாம் வளைந்தது வளைந்தபடி இருந்தது. கடைசியில் கித்தேரியம்மாள் அவள் தோளைத் தட்டி, "ஒன் பேரையும் போடு" என்றாள்.

"நான் இந்த ஊருக்காரி இல்லீங்களேக்கா."

"எங்க வாயில வர்றதெல்லாம் நடக்கும்னு தெரிஞ்சும் தொறந்து வச்சுட்டு ஒரு நிமிசம் உக்காந்திருந்தவட்டி நீ. இனி ஒனக்கு வேற ஊரு ஏது?" என்ற கித்தேரியம்மாள், வாணி எழுத்துகளை அடிக்க அடிக்க, "கோகில" என்று சொல்லி நிறுத்தி, ஒரு சொடுக்குப் போட்டு, "வாணி" என்று முடித்தாள். சும்மா கிடந்த பெயருக்கு ஏன் கொக்கி என்று வாணி கேட்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

இப்போதும் காலை ஏலத்தில் ஒலிபெருக்கி இன்னாசியைக் கூப்பிடுகிறது. 'டி'க்கும் 'குரூஸு'க்கும் நடுவே அது மூச்சு விடுகிற நேரத்தில் ஏலக்கூடத்தில் பாதிப்பேர் தங்களைத்தான் என்று தலையைத் தூக்கிப் பார்த்து, அசடு வழிந்து, வேலையைத் தொடர்கிறார்கள். வரிசையில் கூடையோடு நிற்கிற பிரிஸ்காளுக்கு மட்டும் நெஞ்சு எகிறிக் குதிக்கிறது. அது யாருடைய நெஞ்சு என்று அவள் இப்போது யாரையும் கேட்பதில்லை.